தட்டை மண்ணில் சிவில் 3டி: ராமநாதபுரம் கரையோரச் சாலைக்கு அதன் புரொஃபைல் கருவிகள் சரிப்படுமா?

தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிப் போகிற சாலை எதை எடுத்தாலும், பல கிலோமீட்டருக்குத் தரை ஒரு முழம் ஏறி இறங்கினாலே பெரிது. சாலை நிஜமாக எழும்புவது கண்மாய்க் கரையைத் தாண்டும்போதும், ரயில்வே மேம்பாலத்திலும், கடலில் சேரும் ஓடைகளின் பாலத்திலும்தான். அதனால் இங்கே புரொஃபைல் (சாலை நெடுக உயரம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) போடுவது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறாக இருக்கிறது. மலைச்சாலையில் பத்து சென்டிமீட்டர் பிசகினால் யார் கண்ணிலும் படாது. இங்கே ஐப்பசி மழையில் சாலைமேல் தண்ணீர் நிற்குமா, வடியுமா என்பதை அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் முடிவு செய்கிறது.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சாலை வடிவமைப்பு மென்பொருளான சிவில் 3டி-யை அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம். காரிடார் (சாலையின் முப்பரிமாண மாதிரி), அளவுக் கணக்கு பக்கம் அதிகம் போகாமல் புரொஃபைலும் வெர்டிகல் கர்வும் (சாய்வு மாறும் இடத்தில் போடும் வளைவு) மட்டும். கருவி மிக நல்லது. ஆனால் அதோடு வரும் முன்னமைப்புகள் நம் மண்ணுக்கும் ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிகளுக்கும் எழுதப்பட்டவை அல்ல. முதல் அரை நாளை அவற்றை மாற்றுவதில் செலவழித்தால் பிறகு பல மாத வேலை சுகமாகப் போகும். செலவழிக்காவிட்டால் அச்சில் அழகாகவும் களத்தில் தப்பாகவும் ஒரு எல்-செக்ஷன் (சாலையின் நீள்வெட்டுப் படம்) கிடைக்கும்.

நம் அலுவலகங்களில் சம்மிட், வேலி என்று சொல்வதை மென்பொருள் கிரெஸ்ட், சாக் என்கிறது. குழப்பம் வேண்டாம் என்று கீழே மேட்டு வளைவு, பள்ள வளைவு என்றே எழுதியிருக்கிறோம்.

தரை சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

புரொஃபைல் கெட்டுப்போவது பெரும்பாலும் அதை வரைவதற்கு முன்பே. ஆர்டிகே கருவி (செயற்கைக்கோள் வழியாக இடம் அளக்கும் கருவி) நேரடியாகத் தரும் உயரம் எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமிக்குக் கணக்கில் வைத்துக்கொண்ட சீரான கோளத்திலிருந்து, அளந்தது. இந்தியப் பெருங்கடலின் ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, ராமநாதபுரம் கரை அதன் சரிவில் கிடக்கிறது. அதனால் இங்கே கடல்மட்டத்துக்கும் எலிப்சாய்டுக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். திருத்தாத புள்ளிகளை ஏற்றினால் புரொஃபைல் வியூவில் தரை மைனஸ் 90-க்கும் கீழே தெரியும். டிராயிங் செட்டிங்கில் யுடிஎம் 84, மண்டலம் 44 வடக்கு என்று கொடுத்துவிட்டால் உயரமும் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது. அது கிடைமட்ட ஆயத்தை மட்டும்தான் பார்க்கும், உயரத்தைத் தொடாது. ஒரே ஒரு பெஞ்ச்மார்க்கில் (மட்டம் தெரிந்த நிலைப்புள்ளியில்) வந்த வித்தியாசத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டுவதும் ஆபத்து. ஜியாய்டே சாய்ந்து கிடப்பதால் 40 கிலோமீட்டர் தள்ளி அந்த எண் பொருந்தாது. சாலை நெடுக ஆட்டோ லெவல் வைத்து மட்டம் கடத்தி, பெஞ்ச்மார்க்குக்கு பெஞ்ச்மார்க் சரிபார்த்த பிறகே சர்ஃபேஸ் (புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த தரை மாதிரி) கட்டுங்கள்.

எஸ்ஆர்டிஎம் போன்ற செயற்கைக்கோள் உயரங்களை இங்கே முதல்நிலைத் திட்டத்துக்குக்கூட எடுக்கக் கூடாது. அதன் உயரங்கள் முழு மீட்டரில் வருகின்றன. நிலமே கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும்போது அந்தத் தரவு படிக்கட்டு மாதிரி ஒரு கோட்டைத் தருமே தவிர தரையைக் காட்டாது. ட்ரோன் படமும் கவனமாகப் பார்க்க வேண்டியது. சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் மேலிருந்து எடுக்கும் படத்துக்கு இலைத்தலைதான் தெரியும். புரொஃபைலில் திடீரென்று இரண்டு மூன்று மீட்டர் உயர முள்ளுமேடு எழுந்து நின்றால், அங்கே தரை உயரவில்லை, புதர் நிற்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டுகளில் ஆள் இறங்கி மட்டம் எடுக்காமல் வேலை ஆகாது.

சர்ஃபேஸ் கட்டும்போது கண்மாய்க் கரையின் மேல்விளிம்பு, அடிவிளிம்பு இரண்டையும் பிரேக்லைனாகச் சேருங்கள். சேர்க்காவிட்டால் முக்கோணங்கள் கரையை வெட்டிக்கொண்டு போய், கரையே இல்லாத மாதிரி ஒரு கோடு வரும். சர்ஃபேஸ் பிராப்பர்ட்டீஸில் டெஃபினிஷன் பகுதிக்குள் முக்கோணத்தின் அதிகபட்ச நீளத்துக்கு எல்லை வைக்க இடம் இருக்கிறது. உப்பளம், கழி போன்ற பெரிய வெற்றிடங்களின் குறுக்கே முக்கோணம் பாய்வதை அது தடுக்கும்.

தரைப் புரொஃபைல் எடுக்கும் கிரியேட் சர்ஃபேஸ் புரொஃபைல் பெட்டியில் ஆஃப்செட் கொடுக்கும் வசதி உண்டு. இந்தக் கரையில் அதைக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். நடுக்கோட்டோடு இடமும் வலமும் 12 மீட்டரில் ஒவ்வொன்று எடுத்தால், கடல்பக்கத் தரை எங்கே தாழ்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும். இடப்பக்கத்துக்கு மைனஸ் குறி. இந்த ஒரு வசதிக்காகவே இந்த மென்பொருளைப் பாராட்டலாம்.

கே எண்கள்: கவனமாகப் பார்க்க வேண்டியவை

சாய்வு ஒரு சதவீதம் மாற எத்தனை மீட்டர் நீளம் என்பதுதான் கே. சிவில் 3டி ஒவ்வொரு வளைவின் கே-யையும் கணக்கிட்டு, டிசைன் கிரைடீரியா கோப்பில் உள்ள குறைந்தபட்ச எண்ணோடு ஒப்பிட்டு, குறைந்தால் மஞ்சள் முக்கோணம் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடவே வரும் கோப்பு அமெரிக்க ஆஷ்டோ விதிகளின்படி எழுதியது.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், ஓட்டுநரின் கண் உயரம் ஐஆர்சி-யில் 1.2 மீட்டர், ஆஷ்டோவில் 1.08. அது சின்ன விஷயம். சாலையில் கிடக்கும் பொருளின் உயரம் ஐஆர்சி-யில் 0.15 மீட்டர், ஆஷ்டோவில் 0.60. அதாவது அமெரிக்கக் கணக்கு முன்னே நிற்கும் வண்டியின் பின்விளக்கைப் பார்க்கிறது, நம் கணக்கு சாலையில் விழுந்து கிடக்கும் பனைமட்டையைப் பார்க்கிறது. பனங்காடுகளுக்கு நடுவே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு எது பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேட்டு வளைவுக்கு, நிறுத்தப் பார்வைத்தூரத்தின்படி (பார்த்து பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம்), மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆஷ்டோ கேட்பது கே 26. ஐஆர்சி-யின் எஸ்பி 23 கையேட்டுச் சூத்திரத்தில் தூரம் 120 மீட்டரைப் போட்டால், வர்க்கத்தை 440-ஆல் வகுத்து வருவது 32.7, எனவே 33. வேகம் 100 என்றால் ஆஷ்டோ 52, நமக்கு 180 மீட்டருக்கு 74. இந்த இடைவெளிக்குள் விழும் எந்த வளைவுக்கும் மென்பொருள் எச்சரிக்கை தராது. பள்ள வளைவில் நிலைமை தலைகீழ்: 80-க்கு ஆஷ்டோ 30, நமக்கு 26. அங்கே தேவையில்லாத முக்கோணம் முளைக்கும்.

எனவே டிசைன் கிரைடீரியா எடிட்டரைத் திறந்து, மெட்ரிக் கோப்பை வேறு பெயரில் சேமித்து, வெர்டிகல் பகுதியில் உள்ள குறைந்தபட்ச கே அட்டவணைகளை மாற்றுங்கள். நிறுத்தப் பார்வைத்தூர அட்டவணையில் வேகம் 50-க்கு 9, 65-க்கு 19, 80-க்கு 33, 100-க்கு 74. ஹெட்லைட் அட்டவணையில், அதாவது பள்ள வளைவுக்கு, அதே வரிசையில் 10, 18, 26, 42. முந்தும் தூரத்துக்கான அட்டவணையில் ஐஆர்சி-யின் இடைநிலைப் பார்வைத்தூரத்தை (நிறுத்தப் பார்வைத்தூரத்தின் இரு மடங்கு) வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது: 15, 34, 60, 135. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைக்கு இந்த மூன்றாவது வரிசைதான் உண்மையான இலக்கு. இந்திய கன்ட்ரி கிட் நிறுவியிருந்தாலும் சரி, பக்கத்து அலுவலகத்திலிருந்து வாங்கிய கோப்பானாலும் சரி, திறந்து இந்த எண்களோடு ஒப்பிட்ட பிறகு பயன்படுத்துங்கள். கோப்பைப் பொதுவான இடத்தில் வையுங்கள். அலைன்மென்ட் (மென்பொருளில் சாலையின் நடுக்கோடு) கோப்பு இருக்கும் இடத்தைத்தான் நினைவில் வைக்கும்.

வேகத்தைப் புரொஃபைலில் தேடாதீர்கள். அது அலைன்மென்ட் பிராப்பர்ட்டீஸில் டிசைன் கிரைடீரியா தாவலில் இருக்கிறது. ஊருக்குள் வேகம் குறையும் இடங்களைச் செயினேஜ் (தொடக்கத்திலிருந்து சாலை நெடுக உள்ள தூரம்) வாரியாக அங்கேயே பிரித்துக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது, தட்டை நிலத்தில் அதுதான் பெரிய ஓட்டை. இங்கே சாய்வு மாற்றங்கள் 0.7, 0.8 சதவீதம்தான் இருக்கும். 0.7-ஐ 33-ஆல் பெருக்கினால் 23 மீட்டர். கே சரிபார்ப்புக்கு அது போதும். ஐஆர்சி 73 விதிநூலுக்குப் போதாது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வளைவின் குறைந்தபட்ச நீளம் 50 மீட்டர், 100-க்கு 60, 65-க்கு 40. கூடவே, 80 வேகத்தில் சாய்வு மாற்றம் 0.6 சதவீதத்தைத் தாண்டினால் வளைவு கட்டாயம். 100-க்கு அந்த எல்லை 0.5, 65-க்கு 0.8. வளைவே போடாமல் விட்ட பிவிஐ-யில் (இரண்டு சாய்வுக் கோடுகள் சந்திக்கும் புள்ளியில்) கே சரிபார்ப்பு ஓடுவதே இல்லை. 0.9 சதவீத முறிவு ஒன்று மொட்டையாக நின்றாலும் திரை அமைதியாக இருக்கும்.

நீளத்துக்கு மருந்து உண்டு. செட்டிங்ஸ் தாவலில் புரொஃபைலுக்குக் கீழே டிசைன் செக் எழுத இடம் இருக்கிறது. வளைவு நீளம் 50-க்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி எழுதி, செக் செட்டில் சேர்த்து, புரொஃபைலோடு இணைத்துவிடுங்கள். வளைவில்லாத முறிவுக்கு அப்படி வழியில்லை. புரொஃபைல் கிரிட் வியூவைத் திறந்து, சாய்வு மாற்றப் பத்தியையும் வளைவு நீளப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. இருநூறு பிவிஐ இருந்தாலும் கால் மணி நேர வேலை.

ஒரு பாலத்தைப் போட்டுப் பார்ப்போம்

ஓடையின் இருபுறமும் சாலை மட்டம் 3.000, பாலத்தின் நடுவில் 8.000 வேண்டும், ஏற்றமும் இறக்கமும் 2.5 சதவீதம், வேகம் 80, நடுத்தடுப்பு இல்லை. உச்சியில் சாய்வு மாற்றம் 5 சதவீதம். இடைநிலைப் பார்வைத்தூரத்துக்கு கே 60, வளைவு நீளம் 300 மீட்டர். பரவளையம் பிவிஐ-க்குக் கீழே எவ்வளவு தாழும் என்பது சாய்வு மாற்றத்தை நீளத்தால் பெருக்கி எட்டால் வகுப்பது: 1.875 மீட்டர். அப்படியானால் பிவிஐ மட்டம் 9.875. மூன்றிலிருந்து அங்கே ஏற 6.875 மீட்டர், 2.5 சதவீதத்தில் 275 மீட்டர் தூரம். பாலத்தின் நடு 1000-இல் என்றால் அடிவார பிவிஐ-கள் 725-லும் 1275-லும் வரும்.

இதை மவுஸால் ஒவ்வொன்றாகக் குத்துவதைவிட நோட்பேடில் எழுதி, கிரியேட் புரொஃபைல் ஃப்ரம் ஃபைல் வழியாக ஏற்றுவது சுத்தம். ஒரு வரிக்குச் செயினேஜ், மட்டம், வளைவு நீளம். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நீளம் கிடையாது.

0 3.000
725 3.000 60
1000 9.875 300
1275 3.000 60
2000 3.000

செயினேஜில் கூட்டல் குறி வேண்டாம், வெறும் எண் போதும். திரையில் 1+000 என்று காட்டுவது டிராயிங் செட்டிங்கின் வேலை.

இதே பாலத்தை அமெரிக்கக் கோப்பை வைத்துப் போட்டால் 130 மீட்டர் வளைவுக்கே பச்சைக்கொடி கிடைத்திருக்கும். பிவிஐ 8.8125-இல் நிற்கும், ஏற்றப் பாதை ஒவ்வொரு பக்கமும் 232.5 மீட்டரில் முடியும். பக்கத்துக்கு 42.5 மீட்டர் கரைமண் மிச்சம் என்று மதிப்பீட்டில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் உச்சியைத் தாண்டி எதிரே வருகிற வண்டி தெரியாது. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறி நடுவை நெருங்கும்போது, வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகள் எவ்வளவு தாமதமாகக் கண்ணில் படுகின்றன என்று கவனித்தவர்கள் இந்த 300 மீட்டரைக் குறைக்கத் துணிய மாட்டார்கள்.

அடிவாரப் பள்ள வளைவில் இன்னொரு நுட்பம். சாய்வு மாற்றம் 2.5 சதவீதம், கே 26 என்றால் 65 மீட்டர். மேலே 60 போட்டதற்கு முக்கோணம் வரும். அது பொய் எச்சரிக்கை. கே கணக்கு வளைவு நீளம் பார்வைத்தூரத்தைவிட அதிகம் என்று வைத்துக்கொண்டு எழுதியது. இங்கே 60 என்பது 120-ஐவிடக் குறைவு, எனவே அடுத்த சூத்திரம் பொருந்தும்: 240-இலிருந்து 5.7-ஐ 0.025-ஆல் வகுத்ததைக் கழித்தால் 12 மீட்டர்தான் தேவை. சொகுசுக் கணக்கில் 43 மீட்டர், குறைந்தபட்ச நீளத்தில் 50. ஆக 60 தாராளம். முக்கோணத்தைக் கண்டதும் நீளத்தை ஏற்றுவதற்கு முன் எந்தச் சூத்திரம் என்று பார்த்துவிடுங்கள். இருந்தாலும் இடம் இருந்தால் 80, 100 என்று கொடுப்பதில் தவறில்லை. கண்ணுக்கு ஒடிந்த மாதிரி தெரியாது.

பெரிய கே-க்கும் ஒரு விலை உண்டு. உச்சியின் இருபுறமும் சாய்வு 0.3 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் நீளம் கே-யின் 0.6 மடங்கு. கே 60-க்கு 36 மீட்டர். பாலம் 60 மீட்டர் என்றால் தளத்தில் பாதிக்கு மேல் கிட்டத்தட்ட மட்டம். மழைநீர் வடியும் குழாய்களை அங்கே நெருக்கமாக வைக்கச் சொல்லி வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். உப்புக்காற்றோடு தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் கம்பிக்கு ஆகாது.

மட்டச் சாலையில் தண்ணீர்

கரைமேல் போகும், கெர்ப் (ஓரக்கல்) இல்லாத சாலைக்குப் பூச்சியச் சாய்வு குற்றமில்லை. கேம்பர் (நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் குறுக்குச் சாய்வு) தண்ணீரை வெளியே தள்ளிவிடும். வெள்ளமட்டத்துக்கு மேல் சப்கிரேடின் (சாலை அடுக்குகளுக்குக் கீழே இறுக்கிய மண்ணின்) அடி 1 மீட்டர் இருக்கும்படி எஃப்ஆர்எல்-ஐ (முடிந்த சாலையின் மேல்மட்டத்தை) வைப்பதுதான் இங்கே முக்கியம். அதற்கு வெள்ளமட்டத்தையே ஒரு தனிப் புரொஃபைலாக வரைந்து அதே வியூவில் போட்டுவிடுங்கள். கண்மாய்க்குக் கண்மாய் அது மாறும், ஒரே கிடைக்கோடாக வரையாதீர்கள்.

வினை வருவது சாலைத் திருப்பங்களில் சூப்பர் எலிவேஷன் (வெளிப்பக்கத்தை உயர்த்தும் குறுக்குச் சாய்வு) திரும்பும் இடத்தில். குறுக்குச் சாய்வு பூச்சியத்தைக் கடக்கும் அந்தச் சில மீட்டரில் நீளச் சாய்வும் பூச்சியம் என்றால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. புரொஃபைல் வியூவில் இது தெரியவே தெரியாது. காரிடாரின் மேல்மட்ட சர்ஃபேஸை உருவாக்கி, அதன்மேல் வாட்டர் டிராப் கருவியால் நாலைந்து இடத்தில் சொட்டு விட்டுப் பாருங்கள். கோடு நகராமல் நின்றால் அங்கே 0.3 சதவீதமாவது நீளச் சாய்வு கொடுத்தாக வேண்டும்.

கீழக்கரை, தொண்டி மாதிரி கடைவீதிக்குள் கெர்ப் வந்துவிட்டால் ஐஆர்சி 0.5 சதவீதம் கேட்கிறது. சாலையை அதற்காக ஏற்றி இறக்க முடியாது, வீட்டு வாசல்கள் விடாது. கெர்ப் ஓரத்தை மட்டும் ரம்பப் பல்லாக, 20 மீட்டருக்கு ஒரு இன்லெட் (தண்ணீர் உள்ளே இறங்கும் வாய்) வைத்துப் போட்டால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 5 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதைத் தனி ஆஃப்செட் புரொஃபைலாகச் செய்வது சிவில் 3டி-யில் சுலபம். கடினம் அடியில் போகும் வடிகால்தான்: 600 மீட்டருக்கு 0.5 சதவீதம் என்றால் 3 மீட்டர் இறங்க வேண்டும். சாலையே 2.5 மட்டத்தில் இருக்கும் ஊரில் கடைசி முனை கடலுக்குக் கீழே போய்விடும். வடிகாலுக்கும் தனி அலைன்மென்ட், தனிப் புரொஃபைல் போட்டு, ஏற்றநீர் மட்டத்தைப் பக்கத்தில் வரைந்தால் எத்தனை இடத்தில் வெளியேற்ற வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அச்சுக்கு 1:2500, 1:250 என்ற வழக்கமான அளவுகளுக்குப் பத்து மடங்கு செங்குத்துப் பெருக்கம் போதும். திரையில் வேலை செய்ய அது போதாது, எல்லாம் ஒரே கோடாகத் தெரியும். 25 மடங்கில் இன்னொரு வியூ ஸ்டைல் செய்து அதில் வேலை பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. பேண்டில் (புரொஃபைல் வியூவின் அடியில் எண்கள் வரும் பட்டையில்) தரைமட்டமும் சாலைமட்டமும் ஒரே எண்ணாக வந்தால் பதற வேண்டாம். வியூ பிராப்பர்ட்டீஸின் பேண்ட்ஸ் தாவலில் புரொஃபைல் 2 என்ற இடத்திலும் தரைப் புரொஃபைலே உட்கார்ந்திருக்கும், அதை மாற்றினால் சரி. பழைய சாலையை உயர்த்தும் வேலைக்குப் பெஸ்ட் ஃபிட் புரொஃபைல் நல்ல தொடக்கம், ஆனால் அது பழைய தளத்தை நடுவாக வெட்டிக்கொண்டு போகும். ஓவர்லே (பழைய தளத்தின்மேல் போடும் புது அடுக்கு) தடிமன் அதற்குத் தெரியாது. ரெய்ஸ்/லோயர் கருவியால் செயினேஜ் வரம்பு கொடுத்து உயர்த்திய பிறகே பயன்படும். பிவிஐ-யை நகர்த்தும்போது பக்கத்து வளைவோடு மோதினால் மாற்றத்தை அது எடுத்துக்கொள்ளாது, முதலில் பக்கத்து வளைவைக் குறைத்துவிட்டு வாருங்கள்.

சந்தா மட்டுமே, சொந்தமாக வாங்க வழியில்லை என்பது சிறிய அலுவலகங்களுக்குப் பாரம்தான். மாதத்தில் ஒரு சாலை போடுகிறவர்களுக்கு அந்தச் செலவைத் தாங்குவது கடினம். சோதனைக்கு வரும் ஆலோசகர் ஓபன்ரோட்ஸ் என்ற வேறு மென்பொருளில் வேலை செய்பவர் என்றால் டிடபிள்யூஜி (சிவில் 3டி-யின் வரைபடக் கோப்பு) அனுப்பாதீர்கள். லேண்ட் எக்ஸ்எம்எல் (பல மென்பொருள்களும் படிக்கும் பொதுக் கோப்பு வடிவம்) எடுத்து, அந்தக் கோப்பைப் புதிய டிராயிங்கில் நீங்களே திரும்ப ஏற்றி, 20 மீட்டருக்கு ஒரு மட்டம் வீதம் அறிக்கை எடுத்து, பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். மில்லிமீட்டர் வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வரி பெரும்பாலும் ஒரு வளைவின் தொடக்கத்தில்தான் இருக்கும்.